வாசுதேவநல்லூரில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டி

சங்கரன்கோவில்,
14-8-1979

அன்புள்ள தம்பி தங்கசாமிக்கு,

அக்கா கோமதித்தாய் எழுதுவது. நானும் உன் மருமகள் பேச்சியும் அம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சப்பாத்தியைப் பற்றி அழுவாய், அதனால் கேட்கவில்லை. நீ அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது. இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளி அனுப்பிய ஒரே ஆள் என் தம்பிதான் என்று தெருவே சிரிக்கிறது. ஆடித்தபசுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு நீ வராமல் இருந்துவிட்டாய். உனக்காகப் பார்த்து வைத்திருந்த பெண்ணுக்குத் திருவேங்கடத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. இனி நீயாச்சு, உன் ஸ்பானராச்சு.

நான் எழுத வந்தது வேறு விஷயம். சிரிக்காமல் படி. உன் அத்தான் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தாரே ஒரு பிக்கப் வண்டி, நீகூட இன்ஜின் நல்ல இன்ஜின், தைரியமாக எடுங்கள் என்று எழுதினாயே, அதைப் பற்றித்தான். காலையில் நம் தெருவில் செல்ப் பட்டனை அமுக்கினால் ஒரே செல்ப், உடனே ஸ்டார்ட் ஆகிறது. சந்தையில் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வாசுதேவநல்லூர் போகிறது. அங்கே தோப்புத் தோப்பாகச் சுற்றித் தேங்காய் ஏற்றுகிறார்கள். சாயங்காலம் திரும்பலாம் என்று சாவியைப் போட்டால் ஸ்டார்ட் ஆவதில்லையாம். அங்கேயே தங்கிவிடுகிறார். மறுநாள் காலையில் அங்கேயும் ஒரே செல்ப்பாம்.

காலையில் நல்ல பிள்ளையாக இருந்து பொழுது சாய்ந்ததும் அடம் பிடிக்கிற இன்ஜின் உலகத்தில் உண்டா? இங்குள்ள மெக்கானிக் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். பிளக்கைப் புதிதாக மாற்றினார். ஒரு வாரம் சரியாக இருந்தது, மறுபடி அதே கதை.

கடைசியாகத் தேங்காய் ஏற்றி வண்டி நிற்கிற இடம் ஆறுமுகத்தாய் என்பவளின் தேங்காய்க் கிடங்கு. புருஷன் இறந்து நாலைந்து வருஷமாக அவளே கொள்முதல் பார்க்கிறாளாம். கெட்டிக்காரி என்று உன் அத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

நீ பட்டாளத்தில் வண்டி மெக்கானிக். இப்படி ஒரு கோளாறு உண்டா இல்லையா என்று மட்டும் எழுது. நான் வண்டியைப் பற்றித்தான் கேட்கிறேன், வேறு எதையும் கேட்கவில்லை.

உன் அன்பு அக்கா,
கோமதித்தாய்


பதான்கோட்,
29-8-1979

பாசமுள்ள அக்காவுக்கு,

தங்கசாமி வணங்கி எழுதுவது. நலமாக இருக்கிறேன். திருவேங்கடத்து மாப்பிள்ளைக்கு என் வாழ்த்துகள், தப்பித்தது நானா அவரா என்று தெரியவில்லை. பேச்சிக்கு ஒரு முத்தம்.

அக்கா, நீ கேட்ட கோளாறு உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. இங்கே குளிரில் எங்கள் வண்டிகள் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன. இன்ஜினுக்குப் போர்வை போர்த்தி வைக்கிறோம். நம் ஊரில் அதற்கு நேர்மாறு. குளிர்ந்திருக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்கும், சூடானால் மக்கர் பண்ணும். பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில் சூடேறினால் கரண்ட் மெலிந்துபோகும். பெட்ரோல் குழாய் சூடேறினால் உள்ளே பெட்ரோல் ஆவியாகி, பம்பு உறிஞ்சினாலும் வராது. ஆறினால் எல்லாம் சரியாகிவிடும். மெக்கானிக் பார்க்கும்போது வண்டி ஆறிப்போயிருக்கும், அவர் என்ன செய்வார் பாவம்.

எது என்று தெரியவேண்டுமானால், ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் அந்த நேரத்திலேயே பார்க்கவேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றச் சொல். அது ஈரமா, காய்ந்திருக்கிறதா பார். ஈரம் என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் வருகிறது, காய்ந்திருந்தால் வரவே இல்லை. பிறகு அதே பிளக்கை வயரோடு இன்ஜின் உடம்பில் படும்படி வைத்துவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றச் சொல். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் கரண்டில் குறையில்லை. மஞ்சளாக நோஞ்சானாக வந்தால் அந்தக் காயில்தான் கோளாறு. கழற்றின இடத்தில் பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் பீடி பிடிக்கிறவன் நிற்கக் கூடாது. ஹேண்டில் பிடிக்கிறவர் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் திருப்பி உதைத்து மணிக்கட்டை ஒடித்துவிடும்.

ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்கவேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியாயிற்று என்றே தெரியாது.

நீ வண்டியைப் பற்றித்தான் கேட்டாய். நானும் வண்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அன்புத் தம்பி,
தங்கசாமி


சங்கரன்கோவில்,
13-9-1979

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு நேற்று நானும் வண்டியில் ஏறிவிட்டேன். வாசுதேவநல்லூரில் ஒரு சடங்கு வீடு இருக்கிறது என்று சொன்னேன். உண்மையிலேயே இருந்தது, ஆனால் கூப்பிட்டவர்களுக்கே நான் வருவேன் என்று தெரியாது.

போகும்போது வண்டி கிளி மாதிரி போயிற்று. சாயங்காலம் கிடங்குக்குப் போனேன். தேங்காயை வண்டிக்குள் தடதடவென்று வீசி ஏற்றினார்கள். உன் அத்தான் சாவியைப் போட்டார், செல்ப்பை அமுக்கினார். இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினால் சுற்றுகிறதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை!

"பிளக்கைக் கழத்துங்க" என்றேன்.

"ஏட்டி, ஒனக்கு இதெல்லாம் எவன் சொல்லித் தந்தான்?"

"பட்டாளத்துல இருந்து உத்தரவு வந்திருக்கு. கழத்துங்க."

கழற்றினார். காய்ந்து கிடந்தது. ஹேண்டிலை லோடுமேன் சுற்றினார், கட்டைவிரலைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னேன். பொறி நீலமாக, நம் கோவில் வாசலில் மத்தாப்பு விற்பானே, அப்படி வந்தது. ஆகவே கரண்ட் சரி, பெட்ரோல்தான் வரவில்லை. சரிதானே?

இதற்குள் அவள் வந்துவிட்டாள். நான் நினைத்த மாதிரி இல்லை. கறுப்பு, ஒல்லி, முன்பல் சற்றுத் தூக்கல், காதில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. அழகாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வயிறெரிந்திருக்காது. "அண்ணாச்சி, காப்பி ஆறுது. மதினிக்கும் கொண்டாரட்டா?" என்றாள். வாய் நிறைய அண்ணாச்சி, மதினி. கொண்டுவந்தாள். எனக்குக் கருப்பட்டிக் காப்பி. அவருக்குச் சீனிக் காப்பி. உன் அத்தானுக்குக் கருப்பட்டி ஆகாது என்று எனக்குத் தெரிய, கல்யாணமாகி ஒரு பொங்கல் கழிய வேண்டியிருந்தது. இவள் கேட்காமலே போடுகிறாள்.

காப்பி குடித்து, அவள் தோப்பு வழக்கைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்தபோது, "இப்ப பாருங்க" என்றேன். செல்ப்பை அமுக்கினார். ஒரே அமுக்கு, ஸ்டார்ட் ஆகிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம். ஒரு காப்பி நேரத்தில் ஸ்டார்ட் ஆகிற வண்டிக்காக மனுஷன் விடிகிறவரை ஏன் அங்கே இருக்கிறார்? இதற்கும் பட்டாளத்தில் காரணம் வைத்திருப்பாய், எழுது.

அக்கா,
கோமதித்தாய்


பதான்கோட்,
27-9-1979

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நாயரிடம் படித்துக் காட்டினேன். உங்கள் அக்காவை இங்கே சேர்த்துவிடுங்கள் என்றார். பிளக் பார்த்த விதம் முதல் தரம்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஆம்பிளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். செல்ப்பை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். பேட்டரி இறங்கிவிடும். பிறகு பெட்ரோல் வந்தாலும் சுற்ற வலு இருக்காது, ராத்திரி ஓய்ந்து கிடந்தால்தான் காலையில் கொஞ்சம் வலு திரும்பும். ஹேண்டில் போட்டுச் சுற்றலாம்தான், நாள் முழுக்க லோடு ஏற்றின கை சுற்றுமா? புளியங்குடி சாலையில் பாரத்தோடு இருட்டில் நின்றுவிடுமோ என்று பயமும் இருக்கும். அத்தான் அவ்வளவு தூரம் யோசிக்கிற மனுஷன்தான். நீ பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்க வைத்ததால் பேட்டரி பிழைத்தது.

இனி கோளாறு. பிளக் காய்ந்திருக்கிறது, சற்று நின்றால் சரியாகிறது. இரண்டு இடம் பாக்கி. பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு ஓட்டை இருக்கும். அது அடைத்திருந்தால் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் கேட்கும். அது இல்லையென்றால், இன்ஜினில் ஒட்டியிருக்கிற பெட்ரோல் பம்பின் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதைக் கழற்றி அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்த்து எழுது. தேங்காய் வீசி ஏற்றினபிறகுதான் நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு உறுத்துகிறது. டேங்கின் அடியில் ஏதோ கிடக்கிறது. வண்டி குலுங்கும்போது அது எழும்பிப் போய் அடைக்கிறது. சும்மா நின்றால் மெல்ல இறங்கிவிடுகிறது. துருவாக இருக்கலாம்.

காப்பி விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. எனக்குப் பெண் பார்த்தால் தெரிந்துகொள்வேன்.

அன்புத் தம்பி,
தங்கசாமி


சங்கரன்கோவில்,
12-10-1979

அன்புள்ள தம்பிக்கு,

மூடியைத் திறந்தால் புஸ் என்ற சத்தம் இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தோம். துரு இல்லை. அடியில் குழைந்த சேறு. உன் அத்தான் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "பங்க்காரன் மண்ணக் கலந்து அடிக்கான்லா" என்று நேரே பங்க்குக்குப் போய் மல்லுக்கு நின்றார். பங்க்காரர் அம்மன் மேல் சத்தியம் பண்ணினாராம்.

பண்ணட்டும். அவர் பேரில் தப்பில்லை. அது புற்றுமண். எந்தக் கையால் அள்ளிப் போட்டேனோ அந்தக் கைக்குத் தெரியாதா?

முதலில் இரண்டு தடவை அவர் அங்கே தங்கி வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். அம்மன் சன்னிதியில் அழுதேன், புற்றுமண் வாங்கி வந்தேன். அவர் நெற்றியில் பூசலாம் என்றால் ஏன் எதற்கு என்று கேட்பார். வண்டிதானே அவரை அங்கே கொண்டுபோகிறது, வண்டிக்கே போடுவோம் என்று மண்ணெண்ணெய்ப் புனலை வைத்து டேங்கில் ஒரு பிடி போட்டேன். அதிலிருந்து வெள்ளி தவறாமல் போட்டு வருகிறேன். உன் கடிதம் வந்த வெள்ளிகூடப் போட்டேன். சிரங்குக்குப் பூசினால் சிரங்கு போகிறது, கரைத்துக் குடித்தால் வயிற்றுவலி போகிறது. சீமையிலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போகிறார்கள். இந்த இன்ஜினுக்கு மட்டும் ஏன் ஆகாது என்று எனக்குப் புரியவில்லை.

நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் உன் அத்தானிடம் மூச்சு விடாதே. எனக்கு அவள் மேல் இப்படி ஒரு காந்தல் இருப்பது அவருக்குத் தெரியவேண்டாம். அது தெரிந்துவிட்டால் பிறகு எனக்கென்று என்ன மரியாதை இருக்கிறது? ஆமினாளிடம்கூட நான் சொல்லவில்லை, அடுத்த வீட்டில் இருந்துகொண்டு நான் உப்புப் போட்டேனா என்பது வரைக்கும் தெரிந்தவள் அவள். உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

சேற்றை எப்படி எடுப்பது என்று எழுது. அவருக்குத் தெரியாமல் எடுக்கிற மாதிரி எழுது.

அக்கா,
கோமதித்தாய்


பதான்கோட்,
25-10-1979

பாசமுள்ள அக்காவுக்கு,

சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. அம்மனுக்கு இன்ஜின் தெரியாதா என்று நீ கேட்பாய். அம்மனுக்குத் தெரியும். பெட்ரோல் பம்புக்குத்தான் அம்மனைத் தெரியாது.

டேங்கின் அடியில் பெட்ரோலை உறிஞ்சுகிற குழாய் இருக்கிறது, அதன் வாயில் ஒரு சல்லடை. உன் மண் அங்கே போய் அப்பிக்கொள்கிறது. கிண்ணத்தை மட்டும் கழுவினால் இரண்டு நாளில் மறுபடி நிற்கும். டேங்கையே இறக்கி, பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிக் கழுவி, குழாயை எதிர்ப்பக்கமிருந்து ஊதி, சல்லடையைத் துலக்கி மாட்டவேண்டும். அவருக்குத் தெரியாமல் செய்கிற வேலை அல்ல இது. ஒரு டேங்கை முந்தானைக்குள் மறைத்துக் கழுவ முடியுமா?

அதனால் உன் பேச்சை மீறிவிட்டேன். அத்தானுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பங்க்காரர் மேல் தப்பில்லை, டேங்கில் என்ன இருக்கிறது, எப்படி வந்தது, எப்படிக் கழுவுவது என்று எழுதியிருக்கிறேன். அக்காவைக் கேலி செய்யக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். கோபப்படாதே. செய்யாத தப்புக்குப் பங்க்காரர் நாலு பேர் முன்னால் சத்தியம் பண்ணியிருக்கிறார். கோளாறு தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் நான் என்ன மெக்கானிக்?

ஒன்று மட்டும் வேடிக்கையாகத் தோன்றுகிறது அக்கா. அவர் அங்கே போகக் கூடாது என்று மண்ணைப் போட்டாய். அந்த மண்தான் அவரை அங்கேயே நிறுத்தியிருக்கிறது.

அன்புத் தம்பி,
தங்கசாமி


சங்கரன்கோவில்,
11-11-1979

தம்பிக்கு,

உன் மேல் எனக்குக் கோபம்தான். கடிதம் போட வேண்டாம் என்று இருந்தேன். தீபாவளிக்கு அதிரசம் சுட்டபோது உன் பங்கை எடுத்து வைத்துவிட்டேன், அதைப் பார்சலில் அனுப்பும்போது சும்மா எப்படி அனுப்புவது?

உன் கடிதத்தை உன் அத்தான் படித்ததும் நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவர் திட்டவில்லை. "ஏட்டி கோமதி, இங்க வா" என்று கூப்பிட்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் டேங்கை இறக்கினார். கழுவக் கழுவ மண் வந்துகொண்டே இருந்தது. பேச்சி அதை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு நாள் முழுக்கப் பெட்ரோல் வாடையோடு திரிந்தாள். பங்க்காரரிடம் போய் உன் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

இப்போது வண்டி எங்கே போட்டாலும் ஒரே செல்ப். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். இதற்கு நான் உனக்கு நன்றி சொல்லவேண்டும். சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். வண்டி கெட்டுக் கிடந்தபோது வீட்டில் பேச்சு இருந்தது. எப்படி நின்றது, யார் தள்ளினார்கள், யார் கயிறு கட்டி இழுத்தார்கள் என்று சாப்பிடச் சாப்பிடச் சொல்வார். இப்போது வருகிறார், கால் கழுவுகிறார், சாப்பிடுகிறார், படுத்துக்கொள்கிறார். சட்டையைத் துவைக்கும்போது மோந்து பார்க்கிறேன், தேங்காய் மட்டை வாடைதான் அடிக்கிறது. அந்த வாடையே எனக்கு ஆகாமல் போய்விட்டது. குழம்புக்குத் தேங்காய் அரைப்பதை விட்டுவிட்டேன்.

நீ எழுதினது மனசில் முள்ளாகக் கிடக்கிறது. மண்தான் அவரை நிறுத்தியது என்றாய். சரி. மண் போடுவதற்கு முன்னாலேயே இரண்டு ராத்திரி தங்கினாரே, அப்போது வண்டிக்கு என்ன கேடு? அதை நீ எந்தக் கடிதத்திலும் சொல்லவில்லை.

கோமதித்தாய் அக்கா


பதான்கோட்,
26-11-1979

பாசமுள்ள அக்காவுக்கு,

அதிரசம் வந்தது. நாயர் பாதியைத் தின்றுவிட்டார். நான் சொன்னதற்கு மன்னித்துவிடு. ஆனால் அத்தான் சிரித்தார் என்று எழுதியதைப் படித்தபோது நான் செய்தது சரிதான் என்று பட்டது.

அந்த இரண்டு ராத்திரிக்குக் காரணம் பழைய பிளக். அவை தேய்ந்திருக்கும். சூட்டில் பொறி வந்திருக்காது. மெக்கானிக் புதிது மாற்றியதும் ஒரு வாரம் சரியாக இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு வந்தது உன் மண். இரண்டு கோளாறு ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் உனக்கு ஒன்றாகத் தெரிகிறது. பார்க்காத வண்டியைப் பற்றி இதற்கு மேல் என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் பழைய வண்டியில் இது சகஜம்.

அக்கா, இனி சந்தேகத்தை விட்டுவிடு. ஒரு மனுஷன் அசதியாகப் பேசாமல் படுத்துக்கொள்வதற்கெல்லாம் பிளக்கைக் கழற்றிப் பார்க்காதே. பொங்கலுக்கு எனக்கு லீவு கிடைத்துவிட்டது. பெண்ணைத் தயாராக வை. முன்பல் தூக்கலாக இருந்தாலும் சம்மதம்.

அன்புத் தம்பி,
தங்கசாமி


சங்கரன்கோவில்,
14-12-1979

தங்கசாமிக்கு,

பேச்சிக்கு ஜலதோஷம், மற்றபடி சௌக்கியம்.

போன வாரம் நல்ல மழை. திங்கட்கிழமை உன் அத்தான் வரவில்லை. மழையில் எங்கேயோ ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மழை விட்டுவிட்டது, அன்றும் வரவில்லை. புதன்கிழமை காலையில் பேச்சியை ஆமினாள் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பிளக்கா, காயிலா, பம்பா என்று நீ எழுதினதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போனேன். ஏதாவது ஒன்று கெட்டிருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வண்டி கிடங்கு வாசலில் நின்றது. காலியாக நின்றது, லோடு இல்லை. உன் அத்தான் பனியனோடு அவள் வீட்டுக் கூரை மேல் உட்கார்ந்து உடைந்த ஓட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நம் அடுப்படியில் ஒழுகுகிறது என்று நான் சொல்லி இரண்டு மழைக்காலம் ஆயிற்று. கீழே இருந்து அவள் ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "வாங்க மதினி, பஸ்லயா வந்தீய? ஒக்காருங்க" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "புத்துமண்ண டேங்குல போட்டீயளாமே? இவிய சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ" என்றாள்.

போன தடவை அண்ணாச்சி. இப்போது, புருஷனைச் சொல்கிற மாதிரி, இவிய.

தங்கசாமி, அதை நான் உனக்கு மட்டும் எழுதினேன். நீ அவரிடம் சொன்னாய். அவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். நான் அம்மன் சன்னிதியில் அழுது வாங்கிய மண் அந்த வீட்டில் காப்பிக்குத் தொட்டுக்கொள்கிற சிரிப்பாகியிருக்கிறது. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம்தானே என்று சொல்லிவிட்டாள். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிற பேச்சு இந்த அளவுக்கு அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் உட்காரவில்லை. நேரே வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்து ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தேன். சாவி வண்டியிலேயே இருந்தது. ஸ்டார்ட் ஆகாமல் இருக்கட்டும் தாயே என்று கண்ணை மூடிக்கொண்டேன். உனக்கு எத்தனை கடிதம் எழுதி, எதையெல்லாம் கழற்றி, எப்படியாவது ஸ்டார்ட் ஆகட்டும் என்று கிடந்தவள் நான். அன்றைக்கு என் உயிரே அது ஸ்டார்ட் ஆகாமல் இருப்பதில்தான் இருந்தது. சாவியைத் திருப்பி செல்ப்பை அமுக்கினேன்.

ஒரே அமுக்கு. பூ மாதிரி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அவர் ஏணியில் இறங்கி வந்து வண்டிப் பக்கத்தில் நின்றார். கையெல்லாம் ஓட்டுத் தூள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல கோமதி. எனக்குத்தான் கெளம்பத் தோணல."

சத்தம் போட்டிருந்தால், பொய் சொல்லியிருந்தால், மழை என்றோ பேட்டரி என்றோ ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டு இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். இப்படி மெதுவாகச் சொன்னால் நான் என்ன செய்வது? இன்ஜினை நிறுத்தினேன். இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவர் பின்னால் வரவில்லை.

புளியங்குடி தாண்டியபிறகுதான் கையைப் பிரித்துப் பார்த்தேன், வண்டிச் சாவி. எடுத்தது எனக்கே தெரியாது. என் முட்டாள்தனத்தைப் பார். முதலில் மண்ணைப் போட்டு அவரை அங்கே நிறுத்தினேன், இப்போது சாவியை எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன். பஸ்ஸில் எல்லோரும் பார்க்கச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

சாவியில்லாமல் வயரைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ண அவருக்குத் தெரியும். வரவேண்டும் என்று இருந்தால் அன்றைக்கே வந்திருக்கலாம். வரவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பேச்சி ஓடிப் போய்ப் பார்க்கிறாள். நம் வண்டிச் சத்தம் எது என்று எனக்குத் தெரியும், அதனால் நான் எழுந்திருப்பதில்லை.

அந்த இரண்டு ராத்திரிக்குப் பழைய பிளக் காரணம் என்று எழுதியிருந்தாய். அப்படியே இருக்கட்டும். அதை நான் இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை. எல்லாம் அந்த மண்ணால்தான் வந்ததா, மண் இல்லாவிட்டாலும் வந்திருக்குமா என்றும் கேட்கப் போவதில்லை. உனக்கும் தெரியாது.

நீ பொங்கலுக்கு வா. பெண் பார்க்கிற வேலையை வேறு யாரிடமாவது சொல்லிக்கொள், எனக்கு இப்போது அதற்கு மனசில்லை. வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை நீதான் செய்யவேண்டும். வாசுதேவநல்லூர் போய் அந்தச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடு. ஒன்றும் பேசவேண்டாம். நானாகக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.

கோமதித்தாய்